துருவுக்கு மூவாயிரம் ரூபாய்

துருவுக்கு இப்போது நல்ல விலை கிடைக்கிறது. கோவை ரேஸ்கோர்ஸ் பக்கமோ பெங்களூர் இந்திரா நகரிலோ புதிதாகத் திறந்திருக்கும் ஏதாவதொரு காபிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். சுவரில் பூச்சு இருக்காது, செங்கல் தெரியும். கூரைக்கடியில் தகரக் குழாய் ஓடும். மேஜைகளின் கால்கள் இரும்பு. அந்த இரும்பின் மேல் துரு. அந்தத் துரு வேட்டியிலோ புடவையிலோ ஒட்டிவிடாதபடி அதன் மேல் ஒரு கோட் வார்னிஷ். இதற்கு 'இண்டஸ்ட்ரியல்' பாணி என்று பெயர். தொழிற்சாலைக்குள் ஒரு ஷிப்ட் கூட வேலை பார்த்திராதவர்கள், தொழிற்சாலை என்றால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துச் செய்துகொண்ட அலங்காரம்.

பழைய சாமான்களுக்கு நம்மிடம் எப்போதும் ஒரு சந்தை உண்டு. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது அவற்றின் தூண்களும் கதவுகளும் எனாமல் தட்டுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்தன. கேரளத்தில் பழைய தரவாடுகள் இடிக்கப்பட்டபோது தேக்கும் பலாவும் உத்தரமும் ஜன்னலுமாக லாரி ஏறின. அந்த வரிசையில் இப்போது சேர்ந்திருப்பது மூடப்பட்ட ஆலைகளின் மேஜை, நாற்காலி, அலமாரி, விளக்கு. அடுப்புக்கும் உலைக்கும் போவதைவிட ஒரு கடையில் நாலு பேர் உட்கார உதவுவது நல்லதுதான். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் எல்லா ஆலையும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அழுக்கும் துருவும் ஒருபோதும் எட்டிப் பார்க்கக்கூடாத ஆலைகளும் இந்த நாட்டில் இருந்தன. கைக்கடிகார ஆலை அதில் ஒன்று.

இதை நான் சொல்வதற்குக் காரணம், நான் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரின் மகள்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது கோழிஞ்சாம்பாறை. பஸ்ஸின் போர்டு மலையாளத்தில் இருக்கும், உள்ளே டிக்கெட் கேட்பது தமிழில் நடக்கும். இந்தப் பக்கம் போனால் சித்தூர், அந்தப் பக்கம் போனால் வேலந்தாவளம் தாண்டிக் கோவை. அங்கே அப்பா நாற்பது வருடம் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஆறடிக்கு நாலடி. ஒரு கண்ணாடிப் பெட்டி, சுவரில் இரண்டு பெண்டுலம் கடிகாரம், ஒரு மேஜை. அவ்வளவுதான்.

அந்த மேஜையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் சாப்பிடுகிற மேஜை தரையிலிருந்து ஏறக்குறைய 30 அங்குல உயரம். அப்பாவின் மேஜை 39 அங்குலம். அவர் சொல்லி ஆசாரி பலா மரத்தில் செய்து கொடுத்தது. வேலை கண்ணைத் தேடி மேலே வர வேண்டும், கண் வேலையைத் தேடிக் குனியக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நாள் முழுவதும் குனிந்தால் நாற்பது வயதில் கழுத்து போய்விடும். மேஜை உயரமாக இருந்தால் இரண்டு முழங்கையையும் அதன் மேல் ஊன்றிக்கொள்ளலாம். ஊன்றிய கை நடுங்காது. மேஜையின் விளிம்பைச் சுற்றி அரை அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. உருண்டு ஓடுகிற திருகாணி அங்கே தட்டி நிற்கும். வயிற்றுப் பக்கத்தில் ஒரு இழுப்பறை. அது பாதி இழுத்தபடியே இருக்கும். உள்ளே வெள்ளைத் துணி விரித்திருப்பார். கை தவறிய சக்கரம் தரைக்குப் போகாமல் அந்தத் துணியில் விழும். தரைக்குப் போய்விட்டால் அன்றைய பாதி நாள் தேடுவதில் போய்விடும்.

அவரிடம் வந்த பத்து வாட்சில் ஏழெட்டு எச்.எம்.டி.யாக இருக்கும். அந்தக் கால இந்தியாவில் அப்படித்தான் இருக்க முடியும். 1953-ல் இயந்திரங்கள் செய்யத் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகார ஆலையைத் திறந்தது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. அதற்குப் பிறகு ஸ்ரீநகர், தும்கூர், நைனிடால் மாவட்டத்து ராணிபாக் என்று ஆலைகள் பெருகின. ஜனதா, பைலட், காஞ்சன், சோனா, கோஹினூர் என்ற பெயர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைப் போலப் பழகிவிட்டன. பத்தாவது பாஸான பையனுக்கு ஜனதா, மாப்பிள்ளைக்குக் காஞ்சன் என்று ஒரு கணக்கே இருந்தது. அரை நூற்றாண்டில் அந்த நிறுவனம் செய்த கடிகாரங்கள் பத்துக் கோடிக்கும் மேல்.

ஜனதா கடிகாரம் ஒரு விநாடிக்கு ஐந்து முறை துடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. அப்பா இந்தக் கணக்கை எங்களைச் சிலேட்டில் போட வைப்பார். துடிக்கிற அந்தச் சக்கரத்தின் அச்சு நுனி தலைமுடியைப் போல மெல்லியது. அது ஒரு சிவப்புக் கல்லின் குழியில் ஒரு துளியில் நூறில் ஒரு பங்கு எண்ணெயில் சுழல்கிறது. அந்தக் குழியில் ஒரு தூசு புகுந்தால் போதும், மாப்பிள்ளையின் காஞ்சன் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக ஓடும். ரிப்பேருக்கு வந்த வாட்சைத் திறந்ததும் அப்பா முதலில் பார்ப்பது எந்தப் பாகம் உடைந்திருக்கிறது என்பதை அல்ல, எங்கே தூசு இருக்கிறது என்பதைத்தான். பாதிக்கு மேற்பட்ட வாட்சுகளில் உடைந்தது என்று எதுவுமே இருக்காது. பெட்ரோலில் கழுவி, உலர வைத்து, எண்ணெய் இட்டுக் கொடுத்தால் ஓடும்.

கழுவிப் பூட்டுகிறவர் அப்பா. முதன்முதலாகப் பூட்டியவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். கடிகார ஆலைகளில் பாகங்களைப் பூட்டும் வேலைக்குப் பெண்களை நிறைய எடுத்தார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் இருந்தார். எனக்கு ஏழு வயது மூத்தவர். பெங்களூரில் மாமா வீட்டுக்குப் போனவர் அங்கே ஒரு கடிகார ஆலையில் சேர்ந்து இருபத்தாறு வருடம் வேலை செய்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் கடைக்கு வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார். அவர்கள் இருவரும் பேசுவது வீட்டு விசேஷம் விசாரிப்பது போல இருக்கும், ஆனால் பேச்சு முழுவதும் ஹேர் ஸ்பிரிங்கைப் பற்றியதாக இருக்கும்.

அக்காவின் ஆலைக் கதைகளில் எனக்கு இன்றும் நினைவிருப்பது அந்த ஹாலுக்குள் நுழைகிற விதம்தான். செருப்பை வெளியே விட வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்டுத் தலைமுடியை மூடிக்கொள்ள வேண்டும். முகத்தில் பவுடர் கூடாது. தலையில் பூ கூடாது. முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவது கதவு திறக்கும். உள்ளே குளிர்ச்சி, வெளிச்சம், வரிசை வரிசையாக மேஜை. ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு மூடி. "பெருமாள் கோயில் கர்ப்பக்கிரகம் கூட அவ்வளவு சுத்தம் இல்லீங்க மாமா. அங்கே எண்ணெய்ப் பிசுக்காவது இருக்கும்" என்று அப்பாவிடம் அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. 1969 டிசம்பரில் டோக்கியோவில் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விநாடிக்கு ஐந்து முறை துடிக்கும் சக்கரத்தின் இடத்தை விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு படிகம் பிடித்துக்கொண்டது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம், மாதக்கணக்கில் நேரம் பிசகாது. இந்தியாவில் அந்த அலை வந்து சேர எண்பதுகள் ஆயின. 1984-ல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஆலை ஓசூரில், எச்.எம்.டி. ஆலையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது. என்றாலும் அதன் கையும் மனமும் சாவிக் கடிகாரத்திலேயே இருந்தன. வாங்குகிறவர் கடிகாரத்தை நகையைப் போலப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அது நேரம் காட்டும் கருவியாகவே அதை விற்றுக்கொண்டிருந்தது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கும் வந்தது. வருடத்துக்கு வருடம் நஷ்டம் ஏறியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தும்கூர் ஆலை இருந்த இடம் இஸ்ரோவின் கைக்குப் போயிற்று. பெங்களூர் ஜாலஹள்ளியில் 2019-ல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே பழைய கடிகாரங்களையும் சில இயந்திரங்களையும் பார்க்கலாம்.

வழியில் விழுந்தது எச்.எம்.டி. மட்டுமல்ல. ஹைதராபாத் ஆல்வினை நினைத்துப் பாருங்கள். இரும்பு பீரோவும் குளிர்பதனப் பெட்டியும் பஸ் கூண்டும் செய்த அதே நிறுவனம், சீகோவுடன் சேர்ந்து கைக்கடிகாரமும் செய்தது. இன்று பல வீடுகளில் ஆல்வின் பீரோ இன்னும் நிற்கிறது. கடிகாரம் நின்றுவிட்டது.

ஒரு ஆலை மூடினால் அதன் இயந்திரங்களுக்கு என்ன ஆகிறது என்று செய்தித்தாளில் ஓரிரு வரியாவது வரும். மேஜை நாற்காலியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அரசு நிறுவனமென்றால் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவார்கள். பிறகு ஏலம். 1964-ல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் இந்த மாதிரி ஏலங்களைத்தான் நடத்துகிறது. முன்பு நேரில் கூவினார்கள், இப்போது கம்ப்யூட்டரில். சாமான் 'உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்தில்' விற்கப்படும். எடுத்தவர் லாரி கொண்டு வந்து அள்ளிப் போக வேண்டும். அவருக்கு வேண்டியது இரும்பும் செம்பும். மரச் சாமான் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது. அதை அவர் இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார், அந்த இன்னொருவர் மற்றொருவருக்கு. இப்படி மூன்று கை மாறினால் எந்த ஆலை, எந்த ஹால், யார் உட்கார்ந்தது என்பதெல்லாம் போய், 'பழைய ஃபேக்டரி டேபிள்' என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

அப்படிப்பட்ட மேஜைகள் சில, பெங்களூர், சேலம், கோவை, வாளையாறு என்று வந்து, கஞ்சிக்கோட்டில் ஒரு குடோனில் இறங்கின. கஞ்சிக்கோடு பாலக்காட்டின் தொழிற்பேட்டை. மத்திய அரசின் இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனம் எழுபதுகளில் வால்வு ஆலை தொடங்கிய இடம். அங்கே பழைய சாமான் வியாபாரம் நடப்பதில் வியப்பில்லை. என்னோடு கோவையில் படித்த தோழி ஒருத்தியும் அவள் கணவரும் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே, ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதியும் ஒரு சிறு காபிக் கடையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இந்த மேஜைகளைப் பற்றித் தகவல் கிடைத்தது. "உங்க அப்பா வாட்ச் கடைதானே, வந்து பார்த்துச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

குடோனில் பதினோரு மேஜைகள் சுவரோரமாக நின்றன. இரும்புக் குழாய்க் கால்களுக்கு வெளிர் பச்சை பெயின்ட். மேலே கனமான பலகை, அதன் மேல் வெள்ளை சன்மைக்கா, சுற்றிலும் தேக்குச் சட்டம். பக்கவாட்டில் வெள்ளை பெயின்டில் ஒரு எண். எச்.எம்.டி. சாமான் என்றார் கடைக்காரர். முதலில் தும்கூர் என்றார். டீ வந்த பிறகு பெங்களூர் என்றார். அந்த மூன்று எழுத்தைச் சொன்னால் விலை ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரசீது, முத்திரை எதுவும் இல்லை. நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். 38 அங்குலம். விளிம்புச் சட்டம் அரை அங்குலம். வயிற்றுப் பக்கத்தில் அகலமான, ஆழமில்லாத இழுப்பறை. வலது மூலையில் விளக்கு திருகியிருந்த நான்கு துளைகள். எந்த ஆலை என்பதை மேஜை சொல்லவில்லை, என்ன வேலை என்பதைச் சொல்லிவிட்டது.

அக்கா எதையும் அளக்கவில்லை. குடோன் மூலையில் கிடந்த உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கைகளை ஊன்றினார். பார்வையை மேஜையிலிருந்து எடுக்காமலே இடது கையால் இழுப்பறையைத் திறந்தார். கால் தானாகக் கீழே போய்க் குறுக்குக் கம்பியின் மேல் உட்கார்ந்தது. கம்பியில் அந்த இடத்தில் மட்டும் பச்சை பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று இருந்தது. வேறு யாரோ ஒரு பெண்ணின் கால் இருபது முப்பது வருடம் தேய்த்த இடம்.

"சேச்சிக்கு நல்லாப் பழக்கம் போலிருக்கே" என்றார் கடைக்காரர்.

"சோறு போட்டதுங்க" என்றார் அக்கா.

விலை மேஜைக்கு எட்டாயிரம். தோழி பேரம் பேசத் தொடங்கினாள். கடைக்காரர் விலையைக் குறைக்காமல் ஒரு யோசனை சொன்னார். பதினோராயிரம் கொடுத்தால் பெயின்டைச் சுரண்டி, ஆசிட் அடித்து, நாலு நாள் வெயிலில் போட்டுத் துரு ஏற்றி, மேலே வார்னிஷ் அடித்துத் தருவார். சன்மைக்காவை உரித்துப் பலகையை உளியால் அங்கங்கே கொத்தி, கறுப்பு எண்ணெய் தேய்த்துத் தருவார். கொச்சியிலும் மூணாறிலும் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். போனில் படங்கள் காட்டினார். தோழிக்குப் பிடித்திருந்தது. அவள் மனதில் இருந்த கடையும் அதுதான். கூடவே கால்களை எட்டு அங்குலம் வெட்ட வேண்டும் என்றாள். 38 அங்குல மேஜையில் யாரும் உட்கார்ந்து தோசை சாப்பிட முடியாது.

வெட்டுவது என்றதும் எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த உயரம்தான் அந்த மேஜை. எட்டு அங்குலம் போனால் எந்தக் கடையிலும் கிடைக்கிற மேஜை ஆகிவிடும் என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. "வெட்டட்டும். வேலை செய்யறதுக்கு வெச்ச உயரம். சாப்பிடறவங்களுக்கு எதுக்கு? நாங்களே சாப்பாட்டு மணி அடிச்சா கேன்டீன்ல தாழ்ந்த மேஜையிலதான் உக்காருவோம்" என்றார். பிறகு தோழியின் பக்கம் திரும்பினார். "ஆனா அந்தத் துரு வேண்டாம் கண்ணு."

"அதுதான் அழகுங்கக்கா. ஃபேக்டரி மாதிரி இருக்கும்."

"எந்த ஃபேக்டரி? வாட்ச் ஃபேக்டரியில துரு இருந்தா நாட்டுல ஒரு வாட்சும் ஓடியிருக்காது. மேஜையில விரல் வெச்சு இழுத்துப் பார்ப்பாங்க. விரல்ல ஏதாவது ஒட்டுச்சுன்னா அன்னைக்கு அந்த வரிசையே எழுந்து நின்னு துடைக்கணும். இருபத்தாறு வருஷம் தொடைச்ச மேஜை. அதுமேல காசு குடுத்து அழுக்கு பூசணுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் புளி அதிகம் என்று சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் குடோனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பழைய பொருளைக் காப்பாற்றுவது என்றால் அதை மாற்றாமல் வைப்பது என்று பொதுவாக நினைக்கிறோம். பொருள் புழக்கத்துக்கு வர வேண்டுமென்றால் கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும், ஒட்டத்தான் வேண்டும். இலங்கையில் நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1990-களில் ஓட்டலாக மாற்றினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று படுக்கை அறைகள். கட்டடத்தின் உருவத்தையும் பழைய இயந்திரங்கள் சிலவற்றையும் விட்டுவைத்திருப்பதால், இது தேயிலை செய்த இடம் என்று வருகிறவருக்குத் தெரிகிறது. மாற்றம் அங்கேயும் உண்டு, பொய் இல்லை. ஒரு கடிகார மேஜையின் காலைக் குறைப்பது மாற்றம். அதன் மேல் துரு ஏற்றுவது பொய். அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் எதைச் செய்யாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கினார்களோ அதையே அவர்கள் பெயரில் எழுதி வைப்பது போன்றது.

இந்தப் பொய்க்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஆலை என்றதும் நமக்குக் கண்ணில் வருவது புகை, கரி, சம்மட்டி, வியர்வை வழிய நிற்கும் ஆண். வெள்ளைக் கோட்டு போட்டு, மூச்சை அடக்கி, சாமணத்தின் நுனியில் ஒரு முடியளவு அச்சைத் தூக்கி வைக்கிற பெண் நம் படத்தில் இல்லை. அவள் செய்த கடிகாரம் கோடிக்கணக்கான கைகளில் இருந்தது. ஆனாலும் தொழிலாளி என்ற சொல் அவள் முகத்தோடு நம் மனதில் சேரவில்லை. அழகுக்காக ஏற்றுகிற துரு அந்தக் கொஞ்ச அடையாளத்தையும் மூடிவிடுகிறது.

தோழி கடைசியில் பத்து மேஜைகளை எடுத்தாள். துரு ஏற்றாமல், எட்டாயிரத்துக்கே. "பூப்பாறை மழையில துரு காசில்லாமலே வரும், அதைத் தடுக்கிற வழியைப் பாரு" என்று அக்கா சொன்ன யோசனைப்படி கால்களுக்கு அதே வெளிர் பச்சையில் புது பெயின்ட் அடித்தாள். கஞ்சிக்கோட்டிலேயே வெல்டிங் பட்டறையில் எட்டு அங்குலம் வெட்டி, அடியில் ரப்பர் குப்பி மாட்டினார்கள். தேய்ந்து பளபளத்த அந்தக் குறுக்குக் கம்பிகளை மட்டும் பெயின்ட் அடிக்காமல் விடச் சொன்னேன். விட்டார்கள். வெட்டிய பிறகு அவை தரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டன. கால் வைக்க உதவாது, கண்ணுக்குத் தெரியும்.

லாரி பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்குப் போக, இடையில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டியிருந்தது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு சோதனைச் சாவடி, மறையூர், மூணாறு. நாங்கள் பின்னால் காரில் போனோம். மூணாறில் நல்லதண்ணி எஸ்டேட்டின் தேயிலை அருங்காட்சியகத்தில் இறங்கினோம். அங்கே ஒரு கருங்கல்லின் மேல் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. 1913-ல் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது. மலையில் வேலை செய்யக் கீழேயிருந்து ஆள் வந்தது போலவே நேரமும் கீழேயிருந்துதான் வந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் கையில் வெகுகாலம் கடிகாரம் இல்லை. சங்கு ஊதினால் எழுந்தார்கள், சங்கு ஊதினால் கொழுந்தை நிறுத்தார்கள். அக்கா அந்தச் சூரியக் கடிகாரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். மேகம் மூடியிருந்ததால் நிழல் விழவில்லை. "இதுக்குத் தூசு பிரச்னை இல்லை" என்றார்.

பூப்பாறைக் கடையில் அந்த மேஜைகள் இப்போது வெள்ளையும் பச்சையுமாக நிற்கின்றன. வருகிறவர்கள் பலர் ஆஸ்பத்திரி மேஜையா என்று கேட்கிறார்களாம். தோழி அதற்குச் சலித்துக்கொண்டு, சுவரில் ஒரு சிறிய பலகை மாட்டியிருக்கிறாள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறது: கைக்கடிகாரம் பூட்டிய மேஜைகள், உயரம் 38 அங்குலம் இருந்தது, எட்டு அங்குலம் குறைத்திருக்கிறோம். எந்த ஆலை என்று போடவில்லை. தெரியாததைப் போட வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். பலகையைப் படித்துவிட்டு, பைலட் வாட்ச் கட்டிய பெரியவர்கள் சிலர் கையைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போகிறார்களாம். இன்னும் ஓடுகிறது என்பது அதற்கு அர்த்தம்.

பதினோராவது மேஜையை நான் வாங்கினேன். வெட்டவில்லை. என் வீட்டில் அதற்கு இடமில்லை, வேலையும் இல்லை. அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பையன் மொபைல் போன் ரிப்பேர் செய்கிறான். சாதாரண மேஜையில் குனிந்தபடி, கண்ணில் லென்ஸ் மாட்டி, மணல் போன்ற திருகாணிகளோடு போராடிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தூசுதான் எதிரி. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே ஒரு துகள் போனால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேஜையை அவனிடம் கொண்டுபோய் இறக்கினேன். முதல் வாரம் உயரம் ஒத்துவரவில்லை என்றான். அக்கா போய் ஸ்டூலின் உயரத்தைச் சரி செய்து, இழுப்பறையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு வந்தார். இரண்டாவது வாரம் கழுத்து வலி குறைந்திருக்கிறது என்றான்.

விளக்கு திருகியிருந்த அந்த நான்கு துளைகளில் அவன் இப்போது தன் விளக்கைத் திருகியிருக்கிறான். புதிதாக ஒரு துளையும் போட வேண்டியிருக்கவில்லை.